தவளை முட்டை விழித்தெழும் விதம்

தென்மேற்குப் பருவமழை ஆண்டுதோறும் ஜூன் மாதத்து இரண்டாம் வாரத்தை ஒட்டி மும்பை நகரை வந்தடைகிறது. கோடை முழுவதும் மண்ணுக்கடியிலும் கல்லிடுக்குகளிலும் ஒடுங்கிக் கிடந்த தவளைகள், முதற் பெருமழை பெய்த இரவிலேயே வெளிப்பட்டு ஒலி எழுப்பத் தொடங்குகின்றன. தாராவியை அடுத்த இயற்கைப் பூங்காவிலும், மாட்டுங்காவின் தோட்டங்களிலும், செம்பூரின் தாழ்வான வெற்றிடங்களிலும் தேங்கும் மழைநீரில், சில நாட்களுக்குள் கூழ் போன்ற முட்டைத் திரள்களைத் தேடுவோர் காணக்கூடும்.

அத்தகைய திரள் ஒன்றில் இரண்டு முட்டைகள் அடுத்தடுத்துக் கிடப்பதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே தாயின் வயிற்றில் முதிர்ந்தவை. ஒரே நேரத்தில் வெளிவந்தவை. அவற்றுள் ஒன்று சில மணி நேரத்தில் இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் பிளந்து, சில நாட்களில் தலைப்பிரட்டையாகி நீந்திச் செல்கிறது. மற்றொன்றோ அசைவின்றிக் கிடந்து, வெண்மை படர்ந்து அழுகிப் போகிறது. முன்னதை ஒரு விந்தணு தொட்டது. பின்னதை எதுவும் தொடவில்லை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே. அந்த ஒரு தொடுதல் முட்டைக்குள் எதைச் செய்கிறது? இதற்கு விடை காண இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. அவ்விடையில் மழைநீருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலர் அறியாத செய்தி.

நிறுத்தி வைக்கப்பட்ட கடிகாரம்

தவளை முட்டை உயிரணுக்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆராய்ச்சிக் கூடங்களில் பெரிதும் பயன்படும் ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டை ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவு விட்டமுடையது. அதன் ஒரு பாதி கரும்பழுப்பு நிறமாகவும், மறுபாதி வெளிர் மஞ்சள் நிறமாகவும் இருக்கும். கருநிறப் பாதியில் உட்கரு அமைந்துள்ளது; வெளிர்நிறப் பாதியில் மஞ்சட்கரு செறிந்து கிடக்கிறது. முட்டையைச் சுற்றி மெல்லிய உறையும், அதற்கு வெளியே கூழ்ப்படலமும் உள்ளன.

கரு வளர்வதற்கு வேண்டிய உணவும், புரதங்களும், புரதங்களை ஆக்குவதற்கான கட்டளைகளும் முட்டைக்குள் முன்னரே சேமித்து வைக்கப்பட்டுள்ளன. எனினும் அது தானாக வளரத் தொடங்குவதில்லை. உட்கருப் பிரிவின் இறுதிக் கட்டங்களுள் ஒன்றில், நிறக்கோல்கள் நடுத்தளத்தில் வரிசையாக நின்ற நிலையில், பிரிவு வேலை தடைப்பட்டு நிற்கிறது. ஓடக் காத்திருக்கும் கடிகாரத்தின் ஊசலை ஒரு கை பிடித்து நிறுத்தியதற்கு இதனை ஒப்பிடலாம்.

அந்தக் கை எது என்பதை 1971-ஆம் ஆண்டில் மசூயி, மார்க்கெர்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் சிறுத்தைத் தவளையின் முட்டைகளைக் கொண்டு காட்டினர். முதிர்ந்த முட்டையின் உட்பொருளில் சிறிதளவு எடுத்து, பிளந்துகொண்டிருந்த கருவின் ஓர் அணுவுக்குள் செலுத்தியபோது, அந்த அணு தன் பிளவை நிறுத்திக்கொண்டது. ஆகவே முட்டைக்குள் பிரிவைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டென்பது தெளிவாயிற்று. விந்தணுவின் முதற்பணி இத்தடையை நீக்குவதேயாகும். இதனால் முட்டையில் நிகழும் மாறுதல்கள் அனைத்தையும் சேர்த்து உயிரியலார் முட்டைத் தூண்டல் என்று வழங்குவர்.

பழைய பரிசோதனைகள்

தவளை தன் முட்டைகளை உடலுக்கு வெளியே நீரில் இடுவதால், கருவுறுதலைக் கண்ணாற் காண்பதற்கு அது ஏற்ற பிராணியாக விளங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டு ஸ்பல்லன்சானி ஆண் தவளைகளுக்குச் சிறு காற்சட்டைகளைத் தைத்து அணிவித்தார். அவை வழக்கம்போல் பெண் தவளைகளைத் தழுவின. ஆனால் அப்பெண்கள் இட்ட முட்டைகள் வளரவில்லை. காற்சட்டையில் படிந்த துளிகளை எடுத்து முட்டைகள் மீது தடவியபோது அவை வளர்ந்தன. தழுவுதல் மட்டும் போதாது, ஆணின் நீர்மம் முட்டையைத் தொடவேண்டும் என்பது இதனால் உறுதிப்பட்டது. எனினும் அந்த நீர்மத்தில் நெளியும் நுண்ணுயிர்களே காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை.

அம்முடிவை 1824-ஆம் ஆண்டில் பிரெவோ, டூமா ஆகிய இருவர் நிலைநாட்டினர். விந்து நீரை வடிகட்டியபோது, வடிந்த நீர் முட்டையை வளர்க்கும் ஆற்றலை இழந்தது. வடிதாளில் தங்கிய விந்தணுக்களோ அவ்வாற்றலைப் பெற்றிருந்தன. 1850-களில் இங்கிலாந்தின் ஜார்ஜ் நியூபோர்ட் தவளை முட்டையில் விந்தணு நுழைவதைக் கண்டதோடு, நுழைந்த இடத்திற்கும் முட்டையின் முதற்பிளவு விழும் திசைக்கும் தொடர்பு இருப்பதையும் பதிவு செய்தார்.

மிகவும் வியப்பூட்டிய பரிசோதனை 1910-இல் பிரெஞ்சு நாட்டில் நிகழ்ந்தது. பத்தாயோன் என்பவர் கருவுறாத தவளை முட்டைகளை மெல்லிய ஊசியாற் குத்தினார். ஆணின் பங்கு ஏதுமின்றியே முட்டைகள் விழித்தெழுந்தன. ஆனால் ஊசிமுனையில் இரத்தம் ஒட்டியிருந்தபோதே அவற்றுட் சில ஒழுங்காகப் பிளந்து தலைப்பிரட்டைகளாயின. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்பட்டன. முதலாவது, முட்டையை விழிக்கச் செய்வதும், ஒழுங்காகப் பிளக்கச் செய்வதும் வெவ்வேறு பணிகள். இரண்டாவது, விழிப்புக்கு வேண்டியவை அனைத்தும் முட்டையிலேயே உள்ளன. புறத்திலிருந்து வரவேண்டியது ஓர் அடையாளமே. பிளவை நெறிப்படுத்தும் மையத்துகளையும், தந்தையின் மரபுப் பொருளையும் விந்தணு கொணர்கிறது. ஊசியால் அவற்றைத் தர இயலாது.

கால்சியம் என்னும் அடையாளம்

ஊசிக் குத்தும் விந்தணுவின் தொடுதலும் ஒரே விளைவைத் தருமானால், அவ்விரண்டிற்கும் பொதுவானது யாது? விடை கால்சியம் என்பதாகும். சுண்ணாம்பிலும் எலும்பிலும் உள்ள அதே தனிமம், உயிரணுக்களுக்குள் மின்னேற்றம் பெற்ற அயனியாக மிகச் சிறிய அளவில் காணப்படுகிறது. முட்டைக்குள் அது பெரும்பாலும் தனிப் பைகளில் அடைத்து வைக்கப்பட்டுள்ளது. அப்பைகள் திறந்து கால்சியம் வெளிப்படுவதே விழிப்பின் அடையாளம்.

1970-களில் இக்கருத்து வலுப்பெற்றது. கால்சியத்தை உயிரணுக்களுக்குள் கடத்தும் வேதிப்பொருள் ஒன்றைக் கொண்டு, விந்தணு இன்றியே பலவகைப் பிராணிகளின் முட்டைகளை விழிக்கச் செய்யலாம் என 1974-இல் ஸ்டைன்ஹார்ட் முதலியோர் காட்டினர். 1985-இல் பூசா, நுச்சிடெல்லி ஆகியோர் கால்சியத்தை மட்டும் உணரும் நுண்ணிய மின்முனைகளை ஆப்பிரிக்க நகத்தவளை முட்டையிற் செலுத்தி அளந்தனர். கருவுற்றவுடன் கால்சியத்தின் அளவு ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்வதையும், அந்த உயர்வு விந்தணு தொட்ட இடத்தில் தோன்றி முட்டையின் மறுமுனை நோக்கிப் பரவுவதையும் அவர்கள் கண்டனர்.

குளத்தில் எறிந்த கல்லினால் எழும் அலை கரையை நோக்கிச் செல்லச் செல்ல அடங்கிவிடும். முட்டையில் எழும் கால்சிய அலை அவ்வாறு அடங்குவதில்லை. ஓரிடத்தில் வெளிப்பட்ட கால்சியம் அடுத்த பையைத் திறக்கிறது. அதிலிருந்து வந்தது அதற்கடுத்த பையைத் திறக்கிறது. தீ ஒரு வைக்கோற் பிரியிலிருந்து அடுத்த பிரிக்குத் தாவுவதுபோல் அலை தானே தன்னை வளர்த்துக்கொண்டு செல்கிறது. ஒரு விநாடியில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவே அது முன்னேறினும், சில நிமிடங்களுக்குள் முட்டை முழுவதையும் எட்டிவிடுகிறது. முட்டையோடு ஒப்பிட மிக நுண்ணியதான விந்தணு, முட்டை முழுவதையும் எழுப்பும் இரகசியம் இதுவே.

ஒருவருக்கு மட்டும் திறக்கும் வாயில்

ஒரு முட்டையை நோக்கிப் பல விந்தணுக்கள் வந்து சேர்கின்றன. தவளையைப் பொறுத்தமட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவை நுழைவது பெருங்கேடு. ஒவ்வொரு விந்தணுவும் தன் மையத்துகளைக் கொணர்வதால், முட்டை ஒரே சமயத்தில் பல திசைகளிற் பிளக்க முற்பட்டு, ஒழுங்கு குலைந்து இறந்துபோகிறது. ஆகவே முதல் விந்தணு இணைந்தவுடன் வாயில் அடைபடவேண்டும். அலை முட்டை முழுவதும் பரவ நிமிடங்கள் ஆகும். இரண்டாவது விந்தணுவோ அவ்வளவு நேரம் காத்திராது.

இந்த இடைவெளியை மின்சாரம் நிரப்புகிறது. கருவுறாத முட்டையின் உட்புறம் வெளிநீரை நோக்கச் சில மில்லிவோல்ட் அளவு எதிர்மின் நிலையில் உள்ளது. முதல் விந்தணு தொட்ட ஓரிரு விநாடிகளில் அது நேர்மின் நிலைக்கு மாறி, பல நிமிடங்கள் அவ்வாறே நிற்கிறது. நேர்மின் நிலையில் உள்ள முட்டையுடன் விந்தணு இணைய முடிவதில்லை. முட்டையின் மின்நிலையைக் கருவியின் துணையால் செயற்கையாக நேர்மின் நிலையில் நிறுத்திய பரிசோதனைகளிலும் விந்தணுக்கள் நுழையாது நின்றன.

மின்நிலை மாறுவது எவ்வாறு? இங்குதான் மழைநீரின் பங்கு வெளிப்படுகிறது. கறியுப்பிலுள்ள குளோரின், நீரிற் கரையும்போது குளோரைடு என்னும் எதிர்மின் அயனியாகிறது. முட்டைக்குள் குளோரைடு மிகுதி. மழைநீர்த் தேக்கத்தில் அது மிகக் குறைவு. விந்தணு தொட்ட இடத்தில் கால்சியம் உயர்ந்தவுடன், முட்டையின் சவ்வில் குளோரைடு செல்வதற்கான நுண்வாயில்கள் திறக்கின்றன. மிகுதியான இடத்திலிருந்து குறைவான இடத்திற்குக் குளோரைடு பாய்கிறது. எதிர்மின் அயனிகள் வெளியேறுவதால் உட்புறம் நேர்மின் நிலை அடைகிறது. நகத்தவளை முட்டையில் இந்த வாயிலாக அமைந்த புரதம் எதுவென்பதை 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர்.

இதன் விளைவு சிந்திக்கத்தக்கது. சுற்றிலும் உள்ள நீரில் குளோரைடு மிகுந்திருந்தால், முட்டையிலிருந்து வெளியே பாயும் வேகம் குறையும், மின்காப்பு வலுவிழக்கும். குளோரைடும் அதனை ஒத்த அயனிகளும் செறிந்த கரைசல்களில் தவளை முட்டைகளை வைத்துச் செய்த பரிசோதனைகளில், ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் நுழைந்தன என்பது 1980-களின் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டது. கடலில் வாழும் பிராணிகள் சிலவற்றின் முட்டைகளும் இத்தகைய மின்காப்பைப் பெற்றுள்ளன. ஆனால் அவை கடல்நீரில் மிகுதியாக உள்ள சோடியத்தை உள்ளே ஏற்று நேர்மின் நிலை அடைகின்றன. கடல்வாழ் பிராணிகள் கடல்நீரின் உப்பைப் பயன்படுத்திக்கொண்டன. தவளை நன்னீரின் உப்பின்மையைப் பயன்படுத்திக்கொண்டது.

அலை செய்யும் வேலைகள்

கால்சிய அலை கடந்து செல்லும் இடமெல்லாம் மூன்று வேலைகள் நிகழ்கின்றன.

முதலாவது, நிலையான காப்பு. முட்டையின் மேற்பரப்பை அடுத்து ஆயிரக்கணக்கான நுண்மணிகள் அடுக்கப்பட்டுள்ளன. கால்சியம் பட்டவுடன் அவை வெடித்துத் தம் உட்பொருளை வெளியே கொட்டுகின்றன. அதனால் முட்டையைச் சுற்றிய உறை மேலெழும்பி இறுகுகிறது. பிற விந்தணுக்கள் அதனை ஊடுருவ இயலாது. மின்காப்பு நீங்குவதற்கு முன்பே இக்காப்பு அமைந்துவிடுகிறது.

இரண்டாவது, கடிகாரத்தின் தடை நீங்குதல். உயர்ந்த கால்சியம் ஒரு நொதியை இயக்குகிறது. அந்நொதி, மசூயியும் மார்க்கெர்ட்டும் கண்ட தடையின் இன்றியமையாத உறுப்பாகிய எமி-2 என்னும் புரதத்தை அழிவுக்கு உரியதாகக் குறியிடுகிறது. அப்புரதம் சிதைந்தபின், பிரிவை நிறுத்தி வைத்திருந்த சைக்ளின் என்னும் புரதமும் சிதைக்கப்படுகிறது. நின்ற பிரிவு முடிவடைந்து, தாயின் உட்கருவும் தந்தையின் உட்கருவும் ஒன்றை ஒன்று நாடி நகர்கின்றன. நகத்தவளையில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முதற்பிளவு தோன்றுகிறது.

மூன்றாவது, திசை வகுத்தல். உறை மேலெழும்பியதும் அதனுள் முட்டை தடையின்றிச் சுழல முடிகிறது. கனமான மஞ்சட்கருப் பகுதி கீழே இறங்க, கருநிறப் பகுதி மேலே வருகிறது. இதன்பின், முட்டையின் மேற்புறப் படலம் உட்பொருளின்மீது சுமார் 30 பாகை நழுவுகிறது. விந்தணு நுழைந்த இடத்திற்கு எதிர்ப்புறத்தில் தவளையின் முதுகு அமைகிறது. நியூபோர்ட் கண்ட தொடர்பிற்கு விளக்கம் இதுவே. விந்தணு தொட்ட புள்ளி, பிற்காலத்துத் தவளையின் முதுகு எது, வயிறு எது என்பதையும் ஒருவாறு முடிவு செய்துவிடுகிறது.

ஒரே செய்தி, இரண்டு வழிகள்

விந்தணு இவ்வடையாளத்தை எவ்வாறு எழுப்புகிறது என்பதில் எல்லாப் பிராணிகளும் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. நகத்தவளையில் அழைப்பு மணி அடிப்பது போன்ற முறை காணப்படுகிறது. முட்டையின் புறச்சவ்வை விந்தணு தொட்டவுடன், சவ்வின் உட்புறத்தில் ஸார்க் என்னும் நொதி விழித்து, வேறொரு நொதியை ஏவி, கால்சியப் பைகளின் திறவுகோலாகிய ஒரு சிறு மூலக்கூற்றை உண்டாக்குகிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இவ்வழியை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

வாலுள்ள நீர்நில வாழ்வனவாகிய நியூட்டுகளில் முறை வேறு. அவற்றின் முட்டைக்குள் பல விந்தணுக்கள் இயல்பாகவே நுழைகின்றன. விந்தணு தன்னுடன் கொணரும் சிட்ரேட் சிந்தேஸ் என்னும் புரதம் முட்டைக்குள் கலந்து கால்சியத்தை எழுப்புகிறது என்பது ஜப்பானிய நியூட்டைக் கொண்டு காட்டப்பட்டது. ஒவ்வொரு விந்தணுவும் சிறிய அலையையே எழுப்புவதால், பெரிய முட்டை முழுவதையும் விழிக்கச் செய்யப் பல விந்தணுக்கள் தேவைப்படுகின்றன. பின்னர் அவற்றுள் ஒன்று மட்டுமே தாயின் உட்கருவுடன் இணைகிறது. ஏனையவை முட்டைக்குள்ளேயே அழிந்துபோகின்றன. தவளை வாயிலில் காவல் வைத்தது. நியூட் வீட்டிற்குள் காவல் வைத்தது எனலாம். இந்தியாவில் டார்ஜிலிங் மலைப்பகுதியின் குட்டைகளிலும் நியூட் இனம் வாழ்கிறது.

பம்பாயின் பெயர் தாங்கிய தவளை

மும்பையின் பழம்பெயரைத் தாங்கிய தவளை ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது. பம்பாய் இராத் தவளை என்று வழங்கும் இதனை 1955-ஆம் ஆண்டில் பாதுரி, கிரிபளானி ஆகியோர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் முதன்முதலாக விவரித்தனர். அக்கழகத்தின் தூண்களுள் ஒருவரான ஹுமாயூன் அப்துலாலியின் பெயரால் அதற்கு அறிவியற் பெயர் சூட்டப்பெற்றது. தவளைக் கால்களை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதால் பயிர்ப்பூச்சிகள் பெருகும் என்று எடுத்துரைத்தவர்களுள் அப்துலாலியும் ஒருவர். இந்திய அரசு 1987-இல் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

இத்தவளையின் இனப்பெருக்க முறையை டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். டி. பிஜுவும் அவருடைய குழுவினரும் மகாராஷ்டிரத்தின் ஹும்பர்லி என்னும் சிற்றூர்ப் பகுதியில் நாற்பது இரவுகள் கண்காணித்து, 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பெரும்பாலான தவளைகளில் ஆண், பெண்ணை முதுகின்மேல் ஏறி இறுகப் பற்றிக்கொள்ளும். பெண் முட்டையிடும்போதே அதன்மீது விந்தைப் பொழியும். பம்பாய் இராத் தவளையின் ஆணோ பெண்ணைப் பற்றுவதில்லை. பெண்ணின்மேல் கவிந்தவாறு தன் கைகளை இலையின்மீதோ கிளையின்மீதோ ஊன்றிக்கொள்கிறது. பெண்ணின் முதுகில் விந்தை விட்டுவிட்டு, முட்டை வெளிவருமுன்பே விலகிச் செல்கிறது. பின்னர் பெண் முட்டையிடுகிறது. முதுகிலிருந்தும் பின்னங்கால்களிலிருந்தும் வழியும் விந்து முட்டைகளை அடைகிறது. ஓடைகளின் மேல் தொங்கும் இலைகளில் இம்முட்டைகள் வளர்ந்து, தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழுகின்றன.

ஸ்பல்லன்சானி காற்சட்டை அணிவித்துக் கண்டறிந்த உண்மையை இத்தவளை இயற்கையாகவே மெய்ப்பித்துக் காட்டுகிறது. ஆணின் தழுவலோ, முட்டையிடும் நேரத்தில் ஆண் அருகிலிருப்பதோ இன்றியமையாதது அன்று. விந்தணுவும் முட்டையும் உரிய நேரத்தில், உரிய ஈரத்தில் ஒன்றை ஒன்று தொட்டாற் போதும். ஆனால் அந்த ஈரம் தவறினால், கண்காணிக்கவும் திருத்தவும் பெற்றோர் எவரும் அங்கில்லை.

பரேல் மருத்துவமனை வரை

தவளை முட்டையில் கற்ற பாடம் மனிதர்க்கும் பயன்பட்டது. மாட்டுங்காவுக்குத் தெற்கே சிறிது தொலைவில் உள்ள பரேலில், கே. இ. எம். மருத்துவமனையும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையமும் இணைந்து செய்த முயற்சியின் பயனாக, 1986 ஆகஸ்டு 6-ஆம் நாள், உடலுக்கு வெளியே கருவுறச் செய்யப்பட்ட குழந்தை ஒன்று பிறந்தது. மருத்துவர் இந்திரா ஹிந்துஜா, விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமார் ஆகியோர் அதில் முதன்மைப் பங்காற்றினர்.

1992-இல் பெல்ஜிய நாட்டில் விந்தணு ஒன்றை நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை வெற்றி பெற்றது. எனினும் சில தம்பதியரிடம் விந்தணு முட்டைக்குள் சென்ற பின்னரும் முட்டை விழித்தெழவில்லை. காரணம் பின்னர் விளங்கிற்று. பாலூட்டிகளின் விந்தணு, நியூட்டைப் போலவே, கால்சியத்தை எழுப்பும் நொதி ஒன்றைத் தன்னுடன் கொணர்கிறது. பாஸ்போலைபேஸ் ஸி-ஸீட்டா என்னும் அந்நொதி 2002-இல் கண்டறியப்பட்டது. அது குறைவுபட்ட விந்தணு முட்டைக்குள் சென்றும் அடையாளத்தைத் தர இயலாது. அத்தகையோருள் முன்னர் கருவுறுதல் தவறியவர்களுக்கு, கால்சியத்தைக் கடத்தும் வேதிப்பொருளைக் கொண்டு முட்டையை எழுப்பும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. பத்தாயோனின் ஊசி செய்த வேலையை இங்கே ஒரு வேதிப்பொருள் செய்கிறது.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கவை

விழிப்பின் அறிகுறிகளுட் சிலவற்றைக் காண ஆராய்ச்சிக் கூடம் வேண்டியதில்லை. மழைக்காலத்து அதிகாலையில், கருமையும் வெண்மையும் கலந்த முட்டைகள் புதிதாக இடப்பட்டிருப்பதைக் கண்டால், அவற்றை எடுக்காமல் கைப் பூதக்கண்ணாடியால் நோக்கலாம். புதிய முட்டைகளின் கருநிறப் பாதிகள் பல திசைகளை நோக்கியிருக்கும். சிறிது நேரத்தில், கருவுற்றவை அனைத்தும் கருநிறப் பாதியை மேலே காட்டித் திரும்பிவிடும். உறை மேலெழும்பியது, அலை கடந்து சென்றது, முட்டை விழித்தது என்பதற்கு இதுவே கண்கூடான சான்று. மாணவர்கள் கருநிறம் மேல்நோக்கிய முட்டைகளை எண்ணி, மறுநாள் எத்தனை வளர்ந்துள்ளன என்பதை ஒப்பிட்டுக் குறிக்கலாம். நுரைக்கூட்டில் இடப்படும் மரத்தவளை முட்டைகள் கருநிறம் அற்றவை ஆதலின் இதற்குப் பயன்படா. தவளைகளைப் பிடிப்பதோ அறுப்பதோ தேவையில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2014-இல் விலங்கியற் பாடங்களில் பிராணிகளை அறுக்கும் பயிற்சியை விலக்குமாறு பணித்தது.

களப்பணியாளர் கருதவேண்டியது நீரின் தன்மை. விந்தணு நன்னீரிற் பட்டவுடன் நீந்தத் தொடங்கி, சில நிமிடங்களிலேயே ஆற்றல் இழக்கிறது. முட்டையின் கூழ்ப்படலமும் நீரை உறிஞ்சி உப்பியபின் விந்தணுவை உள்ளே விடுவதில்லை. இக்குறுகிய நேரத்தில் நீர் நன்னீராக இருத்தல் வேண்டும். தாராவியை அடுத்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, முன்னர் குப்பை மேடாக இருந்த நிலத்தில் உருவாக்கப்பட்டது. அதனருகே மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. அங்கே கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் உட்புகும். ஒரு லிட்டர் கடல்நீரில் குளோரைடு மட்டும் சுமார் 19 கிராம் உண்டு. மழைநீரிலோ அது சில மில்லிகிராம்களே. இருவகை நீரும் அடுத்தடுத்துக் கிடக்கும் இவ்வட்டாரத்தில், தவளைக்கு உதவுவது வானிலிருந்து வந்து மண்ணில் தேங்கும் நீரே ஆகும்.

உலகில் ஆராயப்பட்ட நீர்நில வாழ்வன இனங்களுள் ஐந்தில் இரண்டு பங்கு அழியும் அபாயத்தில் உள்ளன என்று 2023-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு தெரிவித்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அத்தகைய இனங்கள் மிகுதியாக உள்ள பகுதிகளுள் ஒன்று. அணைகள், காடழிப்பு, நோய் முதலிய பெரிய காரணங்களைத் தனியொருவர் மாற்ற இயலாது. ஆனால் பள்ளி வளாகத்தின் மூலையில் தேங்கும் மழைநீரில் கழிவு நீரும் சோப்பு நீரும் உப்பும் கலவாமற் காப்பது எளிது. முட்டைகள் காணப்படும் குட்டையைத் தூர்ப்பதைத் தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறும்வரை தள்ளிப்போடுவதும் எளிது. கொசுப் புழுக்களை அஞ்சுவோர் வாரம் ஒருமுறை நீரைச் சோதித்து, அவை பெருகிய இடத்தில் சுகாதார அலுவலரின் ஆலோசனையைப் பெற்றபின் நடவடிக்கை எடுக்கலாம்.

தாயும் தந்தையும் நீங்கிச் சென்றபின், முட்டைக்குள் நிகழும் கால்சிய அலையை எவரும் கண்ணாற் காண்பதில்லை. அது நிகழ்ந்ததா இல்லையா என்பதை, மறுநாட் காலையில் குட்டையோரம் குனிந்து நோக்கும் மாணவன் அறிந்துகொள்ள முடியும். அந்தக் குட்டை அங்கே இருக்குமாறு பார்த்துக்கொள்வது பெரியவர்களின் பொறுப்பு.